அரங்கமே வாத்தியமான கதை



மேசை மீது உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுங்கள். அடுத்து ஒரு முறை கைதட்டுங்கள். பிறகு ஒரு தட்டுக்கான நேரம் சும்மா இருங்கள். மீண்டும் அதையே செய்யுங்கள். டும், டும், தட். டும், டும், தட். நான்கைந்து சுற்றுக்குள் பக்கத்து மேசைக்காரர் உங்களோடு சேர்ந்துகொள்வார். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இது 'வீ வில் ராக் யூ' என்ற பாடலின் தாளம். பிரிட்டனின் 'குயின்' ராக் இசைக்குழு 1977ஆம் ஆண்டு வெளியிட்ட பாடல் இது. பாடகர் ஃபிரெடி மெர்குரி, கிட்டார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர், பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் ஆகிய நால்வர் கொண்ட குழு அது. மெர்குரி 1991ஆம் ஆண்டு காலமானார். ஆனாலும் அவர் மேடையில் பாடிய பழைய காணொளிகளை இன்றைய இளையர்களும் தேடிப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு புதிர் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான பாட்டில் பிசிறே இருக்காது. மேடைக் கச்சேரியிலோ குரல் சற்று மாறும், இரைச்சல் இருக்கும், பக்கத்தில் நிற்பவர் சுருதி தப்பிக் கத்துவார். இருந்தும் ரசிகர்களைக் கேட்டால், "பதிவில் கேட்பது வேறு, நேரில் கேட்பது வேறு" என்பார்கள். இது வெறும் ரசிகர் மனமா? அல்லது நேரில் மட்டும் நடக்கும் ஏதாவது ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

கூட்டம் பாடிய இரவு

1977ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் நகரில் உள்ள பிங்லி மண்டபத்தில் குயின் குழுவின் கச்சேரி நடந்தது. கூட்டம் எல்லாப் பாடல்களையும் குழுவோடு சேர்ந்து பாடியது. நிகழ்ச்சி முடிந்து குழுவினர் மேடையை விட்டு இறங்கிய பிறகும் ரசிகர்கள் கலையவில்லை. 'யூல் நெவர் வாக் அலோன்' என்ற பாடலைக் குழுவினருக்காகச் சேர்ந்து பாடினார்கள். லிவர்பூல் காற்பந்துக் குழுவின் ரசிகர்கள் அரங்கில் பாடும் அதே பாடல்தான்.

பிரையன் மே இதைப் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றிரவு அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது: நெருக்கியடித்து நிற்கும் ஒரு கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? நகர இடமில்லை. கையில் வாத்தியமும் இல்லை. ஆனால் காலால் தரையை மிதிக்கலாம், கைதட்டலாம், பாடலாம். இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு பாட்டு உருவானால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் டும், டும், தட். அந்தப் பாடலில் டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டாரும் இல்லை. மிதிப்பும் கைதட்டலும் குரலும் மட்டுமே. கடைசியில்தான் கிட்டார் வருகிறது.

பிரையன் மே இயற்பியல் படித்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விண்வெளித் தூசியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், குழு புகழடைந்ததால் அதை நிறுத்தினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2007ஆம் ஆண்டு அதே ஆராய்ச்சியை முடித்து முனைவர் பட்டம் பெற்றார். பாடலை உருவாக்கும்போது அவருக்குள் இருந்த இயற்பியல் மாணவர் சும்மா இருக்கவில்லை. அதைச் சற்று நேரத்தில் பார்ப்போம். முதலில் ஒலியின் வேகத்தைப் பற்றித் தெளிவு பெறுவோம்.

ஒலி மெதுவானது

காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். வகுப்பறைக்குள் இது மிக வேகம். ஆனால் ஒரு விளையாட்டரங்கில் இது மெதுவான வேகம்தான்.

நேரம் = தூரம் ÷ வேகம்

மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு: 34 ÷ 340 = 0.1 வினாடி
102 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு: 102 ÷ 340 = 0.3 வினாடி
170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு: 170 ÷ 340 = 0.5 வினாடி

ஒளி இதே 102 மீட்டரை ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். ஆகவே பின்வரிசை ரசிகர், டிரம்ஸ் குச்சி விழுவதை முதலில் பார்க்கிறார். ஓசையைப் பிறகுதான் கேட்கிறார். தூரத்தில் மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்குக் காத்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான்.

0.3 வினாடி பெரிதா என்று கேட்பீர்கள். தாளத்தில் அது மிகப் பெரிது. 'வீ வில் ராக் யூ' பாடலின் வேகம் நிமிடத்திற்குச் சுமார் 81 அடிகள். அதாவது ஓர் அடிக்கு 60 ÷ 81 = 0.74 வினாடி. முதல் மிதிப்புக்கும் இரண்டாம் மிதிப்புக்கும் இடைவெளி அதில் பாதி, 0.37 வினாடி. இந்த 0.37 வினாடியில் ஒலி 340 × 0.37 = 126 மீட்டர் செல்லும். ஆகவே மேடையிலிருந்து 126 மீட்டர் தள்ளி நிற்பவர் முதல் 'டும்' கேட்கும் அதே கணத்தில், மேடையில் இரண்டாவது 'டும்' விழுந்துகொண்டிருக்கும்!

அப்படியானால் ஓர் அரங்கம் முழுவதும் ஒரே கணத்தில் தட்டவே முடியாது. ஒலியைக் கேட்டுத்தான் தட்டுகிறார்கள். முன்வரிசை முதலில் தட்டும், நடுவரிசை சற்றுப் பிறகு, பின்வரிசை கடைசியாக. உயரத்திலிருந்து எடுத்த கச்சேரிக் காணொளிகளைக் கூர்ந்து பாருங்கள். கைகள் ஒன்றாக எழுவதில்லை. வயலில் காற்று ஓடுவதுபோல் மேடையிலிருந்து பின்னோக்கி ஓர் அலையாக எழும். கண்ணுக்குத் தெரியாத ஒலியலையின் பயணத்தை ஆயிரக்கணக்கான கைகள் வரைந்து காட்டுகின்றன.

பின்னால் நிற்பவருக்குக் கிடைக்கும் பரிசு

இனிதான் சுவையான பகுதி. அரங்கம் ஒன்றாகத் தட்டவில்லை என்றால், அங்கே நின்றவர்கள் எல்லாரும் "ஒரே ஒலியாகக் கேட்டது" என்று ஏன் சொல்கிறார்கள்?

மேடைக்கு நேர் எதிரே ஒரே வரிசையில் மூவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கவிதா மேடையிலிருந்து 34 மீட்டரில், முகிலன் 68 மீட்டரில், ரேவதி 102 மீட்டரில். மேடையில் டிரம்ஸ் ஒலிக்கும் நேரத்தைச் சுழியம் என்போம். மூவரும் ஒலியைக் கேட்ட கணத்தில் தட்டுகிறார்கள்.

கவிதா 0.1 வினாடியில் தட்டுகிறார்.
முகிலன் 0.2 வினாடியில் தட்டுகிறார்.
ரேவதி 0.3 வினாடியில் தட்டுகிறார்.

இப்போது ரேவதியின் காதில் என்ன விழுகிறது? கவிதாவின் கைதட்டல் 68 மீட்டர் பயணம் செய்ய 0.2 வினாடி ஆகும். 0.1 + 0.2 = 0.3. முகிலனின் கைதட்டல் 34 மீட்டர் வர 0.1 வினாடி. 0.2 + 0.1 = 0.3. டிரம்ஸ் ஒலியும் 0.3 வினாடியில்தான் வருகிறது. எல்லாம் ஒரே கணத்தில்! முன்னால் நிற்பவர்களின் கைதட்டல் டிரம்ஸ் ஒலியோடு தோளோடு தோள் சேர்ந்து பயணம் செய்து, ரேவதி தன் கையைத் தட்டும் அதே நேரத்தில் அவரை வந்து அடைகிறது.

மேடையில் நிற்கும் பாடகரின் காதைப் பாருங்கள். கவிதாவின் ஒலி திரும்பிவர 0.1 + 0.1 = 0.2 வினாடி. முகிலனின் ஒலிக்கு 0.4 வினாடி. ரேவதியின் ஒலிக்கு 0.6 வினாடி. அவருக்குக் கிடைப்பது ஒரு கைதட்டல் அல்ல, அரை வினாடிக்கு மேல் நீளும் ஒரு சரசரப்பு.

கணக்கு சொல்வது இதுதான்: கூட்டத்தின் ஒற்றுமை மேடையில் மிக மோசமாகவும், பின்வரிசையில் மிக நன்றாகவும் கேட்கும். மலிவான சீட்டு வாங்கிப் பின்னால் நிற்பவருக்கு இயற்பியல் தரும் பரிசு இது. உண்மையான அரங்கில் பக்கவாட்டிலும் ஆட்கள் நிற்பார்கள், சுவர்கள் எதிரொலிக்கும். அதனால் கணக்கு இவ்வளவு துல்லியமாக அமையாது. ஆனால் முன்னாலிருந்து வருவது சேர்ந்து வரும், பின்னாலிருந்து வருவது தாமதமாக வரும் என்ற அடிப்படை மாறாது.

டிரம்ஸ் கலைஞருக்கோ இது ஒரு சோதனை. கூட்டத்தின் கைதட்டலைக் கேட்டு அதற்கேற்ப வாசித்தால் தாமதத்தை அவர் பின்பற்றத் தொடங்குவார். கூட்டம் அவரைப் பின்பற்றும். ஒவ்வொரு சுற்றிலும் தாளம் மெதுவாகிக்கொண்டே போகும். ஆகவே பெரிய மேடையில் வாசிப்பவர் தன் காதில் விழும் கூட்டத்தின் தாளத்தை நம்பக்கூடாது. தன் தாளத்தைத்தான் நம்ப வேண்டும்.

பகா எண்கள் உருவாக்கிய கூட்டம்

பிரையன் மேக்கு இப்போது ஒரு சிக்கல். பாட்டு கூட்டத்துக்கானது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பதோ சிலர்தான். லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் பலகைகள் மீது மிதித்தும் கைதட்டியும் பல முறை பதிவு செய்தார்கள். பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் ஒலிக்கவிட்டால், கூட்டம் தட்டுவதுபோல் இருக்காது. ஒருவரே பலமாகத் தட்டுவதுபோல் இருக்கும்.

கூட்டத்தின் நடுவே நிற்பவர் என்ன கேட்கிறார் என்று அவர் யோசித்தார். அருகில் இருப்பவரின் ஒலி உடனே வரும். தூரத்தில் இருப்பவரின் ஒலி தாமதமாக வரும். ஆகவே ஒவ்வொரு பிரதியையும் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தினால் தூரம் என்ற உணர்வு பிறக்கும்.

எவ்வளவு தாமதம்? இங்கேதான் இயற்பியல் மாணவர் எட்டிப்பார்க்கிறார். எளிய வழி, 10, 20, 30, 40 மில்லிவினாடி எனச் சம இடைவெளி கொடுப்பது. (ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிவினாடி.) ஆனால் 10 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஓர் ஒலி திரும்பத் திரும்ப வந்தால் என்ன ஆகும்? அது வினாடிக்கு 100 முறை வரும் வேகம். அதாவது 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண். காது அதைப் பல கைதட்டல்களாகக் கேட்காது. 'ங்ங்' என்று ரீங்கரிக்கும் ஒரு சுருதியாகவே கேட்கும். மேலும் சில அதிர்வெண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும், சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குறுக்கீட்டு விளைவு என்று நீங்கள் படிப்பது இதைத்தான். தகரக் குழாய்க்குள் தட்டியதுபோல் ஒலி கெட்டுவிடும்.

பிரையன் மே, ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தாத தாமதங்களைத் தேர்ந்தெடுத்தார். அதற்குப் பகா எண்களை அடிப்படையாகக் கொண்டதாக அவரே கூறியிருக்கிறார். விளக்கத்துக்காக நாம் 11, 17, 23, 31 ஆகிய எண்களை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு 1ஐத் தவிரப் பொதுவான வகுஎண் கிடையாது. இடைவெளிகளும் 6, 6, 8 என ஒரே சீராக இல்லை. ஆகவே எந்த ஓர் அதிர்வெண்ணும் தனியாகப் பெருகிச் சுருதியாக எழும்புவது குறைகிறது. ஒரு பிரதி அழிக்கும் அதிர்வெண்ணை மற்றொரு பிரதி காப்பாற்றுகிறது. காதுக்குக் கிடைப்பது எதிரொலியும் அல்ல, ரீங்காரமும் அல்ல. அகன்று பரந்த ஒரு கூட்டம்.

கணிதப் பாடத்தில் "பகா எண்ணால் என்ன பயன்?" என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

காத்திருக்கத் தெரிந்த பாடகர்

1985ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள். எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு நிதி திரட்ட 'லைவ் எய்ட்' என்ற மாபெரும் இசை நிகழ்ச்சி நடந்தது. லண்டன் வெம்பிளி அரங்கில் சுமார் 72,000 பேர் கூடியிருந்தார்கள். பல குழுக்கள் பாடின. குயின் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். ராக் இசையின் தலைசிறந்த மேடை நிகழ்ச்சி எது என்ற பேச்சு வந்தால் ரசிகர்கள் இன்றும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

அந்தக் காணொளியில் இரண்டு இடங்களை இயற்பியல் கண்ணோடு பாருங்கள்.

முதலாவது, மெர்குரி வாத்தியங்களை நிறுத்திவிட்டு, சொற்களே இல்லாத ஒரு ராகத்தைப் பாடுகிறார். பிறகு நிறுத்திக் காத்திருக்கிறார். கூட்டம் அதையே திருப்பிப் பாடுகிறது. அடுத்து இன்னும் கடினமான ஒன்று. மறுபடியும் காத்திருக்கிறார். கடைவரிசைக்கு அவர் குரல் போய்ச் சேர 0.3 வினாடி, அவர்களின் பதில் மேடைக்குத் திரும்ப 0.3 வினாடி என்று பார்த்தோம். ஒன்றாகப் பாடினால் இந்தத் தாமதம் குழப்பம். மாறி மாறிப் பாடினால் அந்தத் தாமதம் அமைதிக்குள் அடங்கிவிடும். பஜனையில் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதும் இதே முறைதான். பெருங்கூட்டம் சேர்ந்து பாட இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

இரண்டாவது, 'ரேடியோ காகா' பாடல். பல்லவி வரும்போது கூட்டம் முழுவதும் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி இருமுறை தட்டுகிறது. தலைக்கு மேல் ஏன்? கைதட்டலின் ஓசை தாமதமாக வரும். ஆனால் உயர்ந்த கைகள் கண்ணுக்கு உடனே தெரியும். காதால் மட்டுமல்லாமல் கண்ணாலும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள முடிகிறது.

இனி டும், டும், தட் தாளத்துக்குத் திரும்புவோம். அதில் நான்கு சம இடங்கள் உள்ளன. மூன்றில் ஒலி, நான்காவதில் அமைதி. தாமதமாக வரும் கைதட்டல்கள் விழுந்து அடங்க அந்தக் காலியிடம் இடம் கொடுக்கிறது. வேகமான, இடைவெளியே இல்லாத தாளமாக இருந்திருந்தால் அரங்கில் அது வெறும் இரைச்சலாகியிருக்கும். ஒலியின் மெதுவான வேகத்தோடு சண்டை போடாமல், அதற்கு இடம்விட்டு அமைந்த இசை இது.

யாரும் சொல்லாமலே ஒன்றுசேரும் கைகள்

கச்சேரி முடிந்து குழு உள்ளே போய்விடுகிறது. இப்போது தாளம் கொடுக்க யாருமில்லை. முதலில் கைதட்டல் மழைபோல் தாறுமாறாக இருக்கும். சில வினாடிகளில் தானாகவே 'தட், தட், தட்' என்று ஒன்றுசேரும். எப்படி?

1665ஆம் ஆண்டு டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். எப்படி ஆட்டிவிட்டாலும் சிறிது நேரத்தில் இரு ஊசல்களும் எதிரெதிர்த் திசையில், ஒரே காலக்கணக்கில் ஆடத் தொடங்கின. சட்டத்தின் வழியே சென்ற மிகச் சிறிய அதிர்வுகள் அவற்றைப் பிணைத்திருந்தன.

கைதட்டும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஊசல். காற்றில் வரும் ஒலிதான் அவர்களைப் பிணைக்கும் சட்டம். 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் சோல்டான் நேடா என்ற இயற்பியலாளரும் அவரின் குழுவினரும் இதைப் பற்றி எழுதினார்கள். ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் அரங்குகளில் கைதட்டல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கைதட்டல் ஒன்றுசேரும்போது ஒவ்வொருவரும் தம் வேகத்தைச் சுமார் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று கண்டறிந்தார்கள். வேகமாகத் தட்டும்போது ஒருவருக்கொருவர் வேறுபாடு அதிகம். மெதுவாகத் தட்டும்போது வேறுபாடு குறைவு, ஆகவே இணைவது எளிது.

ஆனால் மெதுவாகத் தட்டினால் மொத்த ஓசை குறைகிறது. ஆர்வத்தில் மக்கள் மறுபடி வேகத்தைக் கூட்டுவார்கள். உடனே ஒற்றுமை குலையும். பிறகு மீண்டும் சேரும். ஒற்றுமையும் பேரொலியும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. ஒன்றுசேர வேண்டுமானால் ஒவ்வொருவரும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

உடலும் கேட்கிறது

50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 340 ÷ 50 = 6.8 மீட்டர். பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் இத்தகைய ஒலியை நெஞ்சிலும் வயிற்றிலும் உணரலாம். காதணி ஒலிபெருக்கி காதுக்குள் மட்டுமே அழுத்தத்தை மாற்றும். உடலை அதிரவைக்காது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டுகிறது. அது ராக் கச்சேரி அல்ல, மின்னணு இசை நிகழ்ச்சி. காதால் உணர முடியாத அளவு மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கிகளைச் சில நிமிடங்கள் இயக்குவதும் சில நிமிடங்கள் நிறுத்துவதுமாக இருந்தார்கள். அவை இயங்கிய நேரத்தில் மக்கள் சுமார் 12 விழுக்காடு அதிகமாக அசைந்து ஆடினார்கள். அந்த ஒலி எப்போது இருந்தது என்பதை அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் உடல் அறிந்திருந்தது.

ஆகவே "நேரில் கேட்பது வேறு" என்ற ரசிகர் பொய் சொல்லவில்லை. ஒலிப்பதிவு என்பது ஓரிடத்தில் வைத்த ஒலிவாங்கி கேட்டது. நேரில் நிற்பவரோ அந்த வாத்தியத்தின் ஓர் உறுப்பு. அவர் கை இல்லையென்றால் ஒலியும் அந்த அளவு குறையும்.

ஆனால் காதைக் காப்பாற்றுங்கள்

மகிழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. நம் உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. பேரொலியால் அவை அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை. 'தி ஹூ' என்ற மற்றொரு புகழ்பெற்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்சென்ட், பேரொலியால் தம் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பணியிடப் பாதுகாப்பில் பயன்படும் ஒரு விதி இது: 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்.

88 டெசிபல்: 4 மணி நேரம்
91 டெசிபல்: 2 மணி நேரம்
94 டெசிபல்: 1 மணி நேரம்
97 டெசிபல்: 30 நிமிடம்
100 டெசிபல்: 15 நிமிடம்

பெரிய கச்சேரிகளில் ஒலி 100 டெசிபலை எளிதாகத் தொடும். எனவே ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்காதீர்கள். நுரைக் காதடைப்பான் அணியுங்கள். இடையிடையே வெளியே சென்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு காதில் 'கொய்ங்' என்று இரைந்தால் அது காது தரும் எச்சரிக்கை. திறன்பேசியில் காதணி மாட்டிக் கேட்பவர்களுக்கும் இதே விதிதான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: இரண்டு மரப்பலகைகள் கொண்ட இரு சோடிகள், அளவுநாடா, அமைதியான பள்ளித் திடல்.

1. நீங்கள் திடலின் ஓர் ஓரத்தில் நின்று வினாடிக்கு ஒரு முறை சீராகப் பலகையைத் தட்டுங்கள். திறன்பேசியில் வினாடித் தாளம் காட்டும் செயலி இருந்தால் அதைப் பார்த்துத் தட்டலாம்.
2. நண்பர் 85 மீட்டர் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழும் தாளத்தோடு சேர்ந்து தம் பலகையைத் தட்டட்டும்.
3. அவர் ஒலி உங்கள் காதில் எப்போது விழுகிறது? உங்கள் இரு தட்டுகளுக்கும் சரியாக நடுவில் விழ வேண்டும். ஒலி போக 0.25 வினாடி, வர 0.25 வினாடி, மொத்தம் 0.5 வினாடி.
4. சரியாக நடுவில் விழவில்லை என்றால் நண்பர் முன்னும் பின்னும் நகரட்டும். நடுவில் விழும் தூரத்தை அளந்து, அதை 0.25ஆல் வகுத்தால் உங்கள் திடலில் ஒலியின் வேகம் கிடைக்கும்.
5. இப்போது நண்பர் கண்ணைத் திறந்து, உங்கள் கையைப் பார்த்துத் தட்டட்டும். தாமதம் பாதியாகக் குறைவதைக் கவனியுங்கள். தலைக்கு மேல் தட்டும் கைகளின் பயன் இப்போது புரியும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. காற்றில் ஒலியின் வேகம் (மீட்டர்/வினாடி) சுமார் 331 + 0.6 × வெப்பநிலை (செல்சியஸ்). 32 பாகை வெப்பத்தில் நம் திடலில் ஒலியின் வேகம் என்ன?

2. லைவ் எய்ட் நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாக உலகெங்கும் ஒளிபரப்பானது. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாடகரின் குரலை ஒலிவாங்கி உடனே வாங்கிவிடுவதாகவும், கருவிகளால் வேறு தாமதம் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்கும் ரசிகர் ஒலியை மேடையிலிருந்து நேரடியாகக் கேட்கிறார். வேறொரு நாட்டில் தொலைக்காட்சி முன் இருப்பவர் செயற்கைக்கோள் வழியே கேட்கிறார். யார் முதலில் கேட்பார்?

3. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், முகிலனின் காதில் ரேவதியின் கைதட்டல் எத்தனையாவது வினாடியில் விழும்? அவர் தாமே தட்டிய நேரத்திலிருந்து அது எவ்வளவு தாமதம்?

விடைகள்:

1. 331 + 19.2 = 350.2. வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஆகவே நம் வெயிலில் சோதனைத் தூரம் 85ஐ விட 87.5 மீட்டருக்கு அருகில் அமையும்.

2. மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ரேடியோ அலை வினாடிக்கு 300,000 கிலோமீட்டர் செல்லும். நேரம் 0.24 வினாடி. அரங்கில் நிற்பவருக்கு 0.5 வினாடி. வீட்டில் இருப்பவரே முதலில் கேட்பார்!

3. ரேவதி 0.3 வினாடியில் தட்டுகிறார். ஒலி 34 மீட்டர் வர 0.1 வினாடி. ஆகவே 0.4 வினாடியில் விழும். முகிலன் தட்டியது 0.2 வினாடியில். தாமதம் 0.2 வினாடி.

இரண்டாம் விடையை மீண்டும் ஒரு முறை படியுங்கள். வீட்டில் இருப்பவர் முதலில் கேட்கிறார், தெளிவாகவும் கேட்கிறார். இருந்தாலும் அந்த இருவரில் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவீர்கள்? அடுத்த சபைக்கூடலில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது ஒரு முறை பின்வரிசையில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். முன்னால் இருப்பவர்களின் குரலெல்லாம் உங்கள் குரலோடு சேர்ந்து வந்து நிற்கும்.